திருநெல்வேலிக்கு வந்த படையணி

கனடாவில் வளரும் என் தங்கையின் பேரன் ஒரு கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்திருந்தான். வயது பதினைந்து. ரோமானியப் பேரரசின் படையணிகளைப் பற்றிய தடித்த புத்தகமொன்று எந்நேரமும் அவன் கையில் இருந்தது. எந்தப் படையணிக்கு எந்த எண், எந்தச் சின்னம், எந்தப் போரில் அது வென்றது, எந்தக் காட்டில் அழிந்தது என்பதெல்லாம் அவனுக்குப் பாடம். ஒரு மாலை பலாலி வீதியிலிருந்து திரும்பிப் பல்கலைக்கழகத்தின் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது, "தாத்தா, எங்கட ஊருக்கும் இப்படி ஏதும் படையணி வந்து அழிஞ்சிருக்கா?" என்று கேட்டான்.

"ஓம். நீ நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலதான்" என்றேன்.

அவன் நம்பவில்லை. மாணவர்கள் துவிச்சக்கரவண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். தேநீர்க்கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அன்று அவனுக்குச் சொன்ன பதில் சுருக்கமானது. விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன். நடந்த காலத்தில் எழுதியிருக்க வேண்டிய செய்தி இது. அன்று எழுதுவதற்கு யாழ்ப்பாணத்தில் பத்திரிகை இருக்கவில்லை.

முதலில் பேரனின் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கி.பி. 9ஆம் ஆண்டில் இன்றைய ஜேர்மனியின் வடமேற்கிலுள்ள தொய்டோபேர்க் காட்டில் ரோமாபுரியின் மூன்று படையணிகள் அழிந்தன. 17, 18, 19 என்பன அவற்றின் எண்கள். தளபதியின் பெயர் வாருஸ். அவர்களைச் சிக்கவைத்த ஆர்மீனியஸ் ஜேர்மானிய இனக்குழு ஒன்றின் தலைவன். ஆனால் அவன் ரோமானியப் படையில் பணியாற்றியவன். ரோமானியக் குடியுரிமை பெற்றவன். போர்க்கலையை ரோமானியரிடமே கற்று, அவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படி அணிவகுப்பார்கள் என்பதை உள்ளிருந்து அறிந்து வைத்திருந்தான். சேற்றுக்கும் காட்டுக்கும் இடையிலான ஒடுங்கிய பாதையில் அந்தப் பெரும்படை சில நாட்களில் அழிந்தது. அந்த மூன்று எண்களையும் ரோமாபுரி அதன் பின்னர் எந்தப் படையணிக்கும் சூட்டவில்லை. ஆறு ஆண்டுகளின் பின் அங்கு சென்ற ஜெர்மானிக்கஸ் என்ற தளபதி, சிதறிக் கிடந்த எலும்புகளைச் சேர்த்துப் புதைத்தான் என்று வரலாற்றாசிரியர் தசித்தஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் போர்க்களம் எங்கே இருந்தது என்பது பல நூற்றாண்டுகளாகத் திட்டவட்டமாகத் தெரியாமலிருந்தது. கால்கிரீசே என்ற இடத்தில் ரோமானிய நாணயங்களையும் கவண் குண்டுகளையும் கண்டெடுத்து அதற்குத் துப்புக் கொடுத்தவர் டோனி கிளன் என்ற பிரித்தானியப் படை அதிகாரி. அவர் அங்கே தேடத் தொடங்கியது 1987 ஜூலையில். அதே மாதம் 29ஆம் திகதி கொழும்பில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மறுநாள் இந்தியப் படைகள் பலாலியில் வந்து இறங்கத் தொடங்கின. இந்த இரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் 1987ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

ரோமானியப் படையணிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்ததில்லை. அவர்களுடைய நாணயங்கள் வந்தன. திருநெல்வேலிக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள கந்தரோடையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் பீரிஸ் நடத்திய ஆய்வுகளில் அவை கிடைத்தன. வணிகம் வந்த வழியில் படை வரவில்லை என்பது அக்கால யாழ்ப்பாணத்தாரின் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் நம் தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

ஒரே ஊர், இரண்டு படைப்பிரிவுகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே சென்றால் இரண்டு மைலுக்குள் திருநெல்வேலி. பேச்சு வழக்கில் தின்னவேலி. செம்மண் தோட்டங்களும் சந்தையும் உள்ள ஊர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியை இங்கேதான் நிறுவினார். அந்த வளாகத்தில் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தோட்டக்காரரும் ஆசிரியரும் மாணவரும் நெருங்கி வாழும் ஊர். இதற்கும் இராணுவ வரலாற்றுக்கும் சம்பந்தம் வரும் என்று 1970களில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நான்கு ஆண்டு இடைவெளியில் இரு நாடுகளின் இரண்டு படைப்பிரிவுகள் தத்தம் வரலாற்றில் மறக்கமுடியாத இழப்பை இந்த ஊரிலேயே சந்தித்தன.

முதலாவது, இலங்கை இலகு காலாட்படை. 1881இல் பிரித்தானியர் தொண்டர் படையாகத் தொடங்கியது. இலங்கை இராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு அதுவே. 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு அதன் முதலாவது பட்டாலியனைச் சேர்ந்த ரோந்து அணியொன்று பலாலி வீதியில் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் கண்ணிவெடித் தாக்குதலுக்கு இலக்காயிற்று. பதினைந்து பேரில் பதின்மூவர் மாண்டனர். தாக்கியவர்களின் தரப்பில் செல்லக்கிளி உயிரிழந்தார். மறுநாள் திருநெல்வேலியிலும் கந்தர்மடத்திலும் சுற்றுப்புறங்களிலும் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். அந்த எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியதாகப் பதிவாகியுள்ளது. கொழும்பில் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து தொடங்கி நாடெங்கும் தமிழர் மீது நிகழ்ந்த வெறியாட்டத்தைக் கறுப்பு ஜூலை என்று உலகமே அறியும். பதின்மூவர் கதையை எல்லோரும் சொல்வார்கள். மறுநாள் திருநெல்வேலியில் இறந்தவர்களின் கதையை திருநெல்வேலியார் மட்டுமே சொல்வார்கள்.

இரண்டாவது படைப்பிரிவைப் பற்றியதே இக்கட்டுரை. அதன் பெயர் சீக்கிய இலகு காலாட்படை. திருநெல்வேலிக்கு வந்தது அதன் 13ஆவது பட்டாலியன்.

கோடரி ஏந்தியவர்கள்

நம்மில் பலர் சீக்கியப் படைவீரர் என்றால் ஒரே வகையினர் என்றே எண்ணுகிறோம். அப்படியல்ல. இந்திய இராணுவத்தில் சீக்கியப் படைப்பிரிவு வேறு. சீக்கிய இலகு காலாட்படை வேறு. முன்னையதில் பெரும்பாலோர் நிலவுடைமைச் சாதியான ஜாட் சீக்கியர். பின்னையது மஸபி, ராம்தாஸியா என்ற பிரிவினரின் படை. மஸபிகள் துப்புரவுத் தொழிலாளரின் வழிவந்தவர்கள். ராம்தாஸியாக்கள் நெசவும் தோல் வேலையும் செய்தவர்களின் வழியினர். சாதி இல்லை என்று குரு நானக் போதித்த மதத்திலும் சாதி தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் சாதி என்ன செய்தது என்பதை அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1675இல் டில்லியில் முகலாய அரசு குரு தேக் பகதூரின் தலையைத் துண்டித்தபோது, அந்தத் தலையை மறைத்து எடுத்துச் சென்று ஆனந்தபூரில் அவருடைய மகன் கோவிந்த சிங்கிடம் சேர்த்தவர் பாய் ஜைதா. அவர் துப்புரவுச் சாதியில் பிறந்தவர். மஸபிகள் தங்கள் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

ஆங்கிலேயர் அவர்களைப் படையில் சேர்த்தது 1857இல், சிப்பாய்க் கிளர்ச்சியின்போது. பஞ்சாபில் கால்வாய் வெட்டும் வேலையில் இருந்த மஸபிகளைத் திரட்டி, டில்லி முற்றுகைக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து உருவானவைதான் சீக்கியப் பயனியர் படைகள். 23ஆவது, 32ஆவது, பின்னர் 1887இல் 34ஆவது. பயனியர் என்றால் துப்பாக்கியோடு கோடரியும் மண்வெட்டியும் சுமந்து செல்பவன். பாதை வெட்டுவான், பாலம் கட்டுவான், பதுங்குகுழி தோண்டுவான், தேவைப்பட்டால் சண்டையும் செய்வான். 'போர்க்குடிகள்' என்று சில சாதிகளை மட்டும் வகுத்துக்கொண்ட ஆங்கிலேய ஆட்சியில், ஒடுக்கப்பட்ட சாதிச் சீக்கியனுக்குக் கிடைத்த இடம் அதுதான். ரோமானியப் படையணி வீரனும் அப்படித்தான். அவன் முதுகில் ஈட்டியோடு மண்வெட்டியும் இருந்தது. பேரரசுகளின் பாதைகளைப் போட்டவர்கள் போர்வீரர்களே.

கிடைத்த இடத்தில் அவர்கள் பெயரெடுத்தார்கள். 1895இல் சித்ராலில் முற்றுகைக்குள்ளான ஆங்கிலேயரை மீட்கக் கில்கித்திலிருந்து புறப்பட்ட கேணல் கெல்லியின் படையில் 32ஆவது பயனியர்கள் இருந்தார்கள். பனி மூடிய ஷண்டூர் கணவாயைப் பீரங்கிகளோடு கடந்து போய்ச் சேர்ந்தார்கள். 1914இல் 34ஆவது பயனியர்கள் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் நின்றார்கள்.

மறக்கக்கூடாத இன்னொரு பயணமும் உண்டு. 1903 - 1904இல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் திபெத்துக்குள் நுழைந்த படையில் 23ஆவது, 32ஆவது பயனியர்கள் சென்றார்கள். 1904 மார்ச் 31ஆம் திகதி குரு என்ற கிராமத்தருகே, திரித் துப்பாக்கிகளோடும் வாள்களோடும் வழிமறித்து நின்ற திபெத்தியர்கள் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். திரும்பி நடந்து போனவர்கள் மீதும் இயந்திரத் துப்பாக்கிகள் ஓயவில்லை. படைப்பிரிவுகளின் பெருமைப் பட்டியலில் திபெத் ஒரு படையெடுப்பாகவே இடம்பெறும். அந்தக் கிராமத்தாரின் நினைவில் அது வேறாக இருந்திருக்கும்.

1930களின் தொடக்கத்தில் பயனியர் படைகளை ஆங்கிலேயர் கலைத்துவிட்டார்கள். பொறியியற் படைகளும் இயந்திரங்களும் வந்தபின் கோடரி தேவைப்படவில்லை. எட்டு ஆண்டுகள் கழிந்து, இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1941இல் மஸபி, ராம்தாஸியாச் சீக்கியருக்கென்று தனிப் படைப்பிரிவு மீண்டும் உருவாயிற்று. போர் முடிவதற்குள் அது சீக்கிய இலகு காலாட்படை என்ற பெயரைப் பெற்றது. 1945இல் பர்மாவில் மெய்க்தீலாச் சமரில் அவர்கள் இருந்தார்கள். சுதந்திர இந்தியாவின் 1965, 1971 போர்களிலும் வீரவிருதுகளைப் பெற்றார்கள். உத்தரப் பிரதேசத்தின் பதேகர் அவர்களின் தலைமையகம். கார்கில் போர்க்காலத்தில் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் மலிக் இந்தப் படைப்பிரிவிலிருந்து வந்தவர். 2019இன் இறுதியிலிருந்து 2022 வரை அப்பதவியில் இருந்த ஜெனரல் நரவணேயும் இதே படைப்பிரிவினர்தான். இளம் அதிகாரியாக இலங்கைக்கு வந்த அமைதிப்படையிலும் பணியாற்றியவர்.

1987 ஒக்டோபர் 11 - 12

பின்னணியை வாசகர் அறிவர். சுருக்கமாகச் சொல்கிறேன். அமைதி காக்க வந்த படைக்கும் புலிகளுக்கும் இடையில் இரண்டே மாதங்களில் உறவு முறிந்தது. செப்டெம்பர் 26இல் நல்லூரில் திலீபன் உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தார். ஒக்டோபர் 5இல் பலாலியில் இலங்கைப் படையின் காவலில் இருந்த புலேந்திரன், குமரப்பா உட்பட்ட புலிகள் சயனைட் அருந்தினர், பன்னிருவர் இறந்தனர். ஒக்டோபர் 10இல் இந்தியப் படையின் 'பவான்' நடவடிக்கை தொடங்கியது. அன்று முதலில் தாக்கப்பட்டவற்றுள் ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சுக்கூடங்களும் அடங்கும். அவை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அச்சு மை வாசனையோடு வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி, நெருங்கிய உறவினர் இறந்த செய்தி போலிருந்தது. அதன்பின் சில வாரங்கள் யாழ்ப்பாணத்தில் நடந்தவற்றை யாழ்ப்பாணத்தார் வாய்வழியாகவே அறிந்துகொண்டோம்.

புலிகளின் தலைமை திருநெல்வேலி - கொக்குவில் எல்லையில், பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள வீடொன்றில் இருக்கிறது என்று இந்தியப் படைக்குத் தகவல் கிடைத்தது. பலாலியிலிருந்து ஹெலிகொப்டர்களில் இரவோடிரவாகப் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கி, தலைமையைப் பிடித்துவிடுவது திட்டம். பத்தாவது பாரா கொமாண்டோக்கள் வீட்டைத் தாக்குவார்கள். 13ஆவது சீக்கிய இலகு காலாட்படை மைதானத்தைக் கைப்பற்றி வைத்திருக்கும். பத்தாவது பாரா பாலைவனப் போருக்கென்று உருவாக்கப்பட்ட பிரிவு. சீக்கியப் பட்டாலியனோ குவாலியரிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்த சூட்டோடு போருக்கு அனுப்பப்பட்டது. அவர்களில் எவருக்கும் இந்த ஊரின் வேலியும் ஒழுங்கையும் தெரியாது.

புலிகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தியப் படையின் வானொலி உரையாடல்களை அவர்கள் ஒட்டுக்கேட்டார்கள் என்று பின்னர் இந்திய அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள். மைதானத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களிலும் வேலிகளிலும் இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. இயக்கங்களுக்கு 1983இன் பின் பயிற்சியும் ஆயுதமும் தந்தது இந்தியா. ஆர்மீனியஸின் கதை இங்கே மீண்டும் நடந்தது. கற்றுக்கொடுத்தவனின் நடை, கற்றவனுக்குத் தெரியும்.

நள்ளிரவை அடுத்து ஹெலிகொப்டர்கள் வந்தன. நூற்றுச் சொச்சம் கொமாண்டோக்கள் இறங்கி, வீட்டைத் தேடி இருளுக்குள் போய்விட்டார்கள். மைதானம் சிறியது, ஒரே வேளையில் இரண்டு ஹெலிகொப்டர்களுக்கு மேல் இறங்க இயலாது. சீக்கியர்களில் முப்பது பேர் இறங்கியிருந்த நிலையில், சூட்டில் ஹெலிகொப்டர்கள் கடுமையாகச் சேதமடைந்தன. தொடர்ந்து ஆட்களை இறக்க முடியாதென்று பயணங்கள் நிறுத்தப்பட்டன. முழுக் கொம்பனியையும் எதிர்பார்த்து, மேஜர் பிரேந்திர சிங் தலைமையில் அந்த முப்பது பேரும் திறந்த வெளியில் நின்றார்கள். அவர்களது தொலைத்தொடர்புக் கருவி தொடக்கத்திலேயே பயனற்றுப் போயிற்று. பலாலிக்கு அவர்களிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. வேறு ஹெலிகொப்டர் வரப்போவதில்லை என்பதை அவர்களுக்கு அறிவிக்கவும் வழியிருக்கவில்லை.

அவர்கள் கையில் இருந்தவை பழைய 7.62 மில்லிமீற்றர் துப்பாக்கிகள். எதிரே தானியங்கித் துப்பாக்கிகள். விடியும்வரையும், விடிந்த பின்னரும் சண்டை நடந்தது. முற்பகலில் மூவர் மட்டும் மிஞ்சினார்கள். ரவைகள் தீர்ந்தபின் துப்பாக்கி முனைக் கத்தியோடு எழுந்து பாய்ந்தார்கள் என்றும், இருவர் விழ, ஒருவர் பிடிபட்டார் என்றும் அந்த ஒருவரே பின்னர் சொன்னார். அவர் பெயர் கோரா சிங். சாதாரண சிப்பாய். முப்பதில் இருபத்தொன்பது பேரின் முடிவை உலகுக்குச் சொல்ல எஞ்சியவர் அவர் மட்டுமே.

அந்த இருபத்தொன்பது பேரைப் பற்றி யோசிக்கும்போது என்னை உறுத்துவது ஒன்று உண்டு. 1983 ஜூலையில் எங்களுக்கு நடந்தது, 1984 நவம்பரில் டில்லியில் சீக்கியர்களுக்கு நடந்தது. பட்டியலோடு வந்து வீடு வீடாக அடையாளம் கண்டு எரித்த கும்பல்கள், பார்த்துக்கொண்டு நின்ற காவல்துறை, மூன்று நாட்களில் ஆயிரக்கணக்கில் பிணங்கள். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர் அவர்களின் பொற்கோயிலுக்குள் டாங்கிகள் புகுந்திருந்தன. பல்கலைக்கழக மைதானத்தில் நின்ற ஒவ்வொரு சிப்பாய்க்கும் அந்த நினைவு மூன்றாண்டுப் பழையது. அவர்களும் நாங்களும் ஒரு மர நிழலில் உட்கார்ந்து பேசியிருந்தால், ஒருவர் கதை மற்றவருக்குப் புரிந்திருக்கும். பேசுவதற்கு யாரும் அவர்களை அனுப்பவில்லை.

பிரம்படி ஒழுங்கை

படைப்பிரிவுகளின் வரலாறு மைதானத்தோடு முடிந்துவிடும். ஊரின் வரலாறு ஒழுங்கைக்குள் தொடர்கிறது.

வீட்டைத் தேடிப்போன கொமாண்டோக்கள் தலைமையைக் காணவில்லை. கொக்குவில் கிழக்கில், பிரம்படி என்ற பகுதியில் அவர்கள் சுற்றி வளைக்கப்பட்டார்கள். வீடுகளுக்குள் புகுந்து நிலையெடுத்துத் தாக்குப் பிடித்தார்கள். அறுவர் இறந்தனர். அவர்களை மீட்க டாங்கிகள் வந்தன. வீதிகளில் கண்ணிவெடி இருக்கும் என்பதால் அவை புகையிரதப் பாதை வழியாக வந்தன. முன்னின்று நடத்திய மேஜர் அனில் கௌல் படுகாயமுற்றார். ஒக்டோபர் 13இல் கொமாண்டோக்கள் மீட்கப்பட்டார்கள். இந்திய இராணுவ நூல்களில் இது ஒரு துணிகரமான மீட்பாக விவரிக்கப்படுகிறது. இராணுவக் கண்ணால் பார்த்தால் அது உண்மையே.

அந்த வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். ஊரடங்கு, வெளியே போகமுடியாது, ஷெல்லுக்குப் பயந்து அயலவர்கள் ஒரே வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஒக்டோபர் 12ஆம் திகதியும் அதனையடுத்தும் பிரம்படியிலும் அயலிலும் நாற்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். சிலர் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டார்கள். முதியவர்கள், பெண்கள், குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். பல்கலைக்கழகத்தில் கற்பித்த நால்வர் எழுதிய 'முறிந்த பனை' என்ற நூலில் இச்சம்பவங்கள் வீடு வீடாகப் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. அந்நால்வருள் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி இதே திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்திலிருந்து துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் துப்பாக்கிகளைப் பற்றியும் எழுதியவர் அவர்.

அந்த இரவைப் பற்றி இரு தரப்பிலும் பெருமிதமான கதைகள் உண்டு. ஒரு தரப்பில் இந்தியப் படையை வீழ்த்திய கதை. மறு தரப்பில் கடைசி ரவைவரை போராடிய கதை. இரண்டிலும் பிரம்படியின் பெயர் இராது. இருந்தாலும், 'குறுக்கே அகப்பட்ட பொதுமக்கள்' என்று அரை வரியில் கடந்துபோவார்கள். திபெத்தின் குரு கிராமம் கடந்துபோனதைப் போல.

அம்மாத இறுதிக்குள் யாழ்ப்பாண நகரம் இந்தியப் படையின் வசமாயிற்று. அதற்குள் ஒக்டோபர் 21, 22இல் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினார். ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த இரண்டரை ஆண்டுகளில் இறந்திருந்தார்கள். வரும்போது பூமாலை, போகும்போது பூட்டிய கதவுகள்.

கல்லில் எழுதிய பெயர்கள்

பலாலி இராணுவ வளாகத்துக்குள் அன்றைய இந்திய வீரர்களுக்கென்று ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. போர்க்காலத்தில் சிதைந்து போயிற்று. 2015இல் புதுப்பிக்கப்பட்டது. கொழும்பின் அருகே பத்தரமுல்லையில் 2008இல் இலங்கை அரசு எழுப்பிய பெரிய நினைவிடத்தில் இந்தியப் படையில் உயிரிழந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் பிரதமர் மோடி 2015இலும் 2025இலும் அங்கே மலர்வளையம் வைத்தார். அவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மனக்குறை இல்லை. பஞ்சாபின் ஏதோவொரு கிராமத்தில், சேரியின் ஓரத்து வீட்டில், படையில் சேர்ந்ததால் தலைநிமிர்ந்த ஒரு குடும்பத்தின் மகன், தான் பெயர் கூடக் கேள்விப்பட்டிராத ஓர் ஊரின் மைதானத்தில் செத்துப்போனான். அவனை அங்கே அனுப்பியவர்கள் வேறு. அவன் பெயர் கல்லில் இருப்பது நியாயம்.

ஆனால் அந்த ஒழுங்கையில் இறந்தவர்களுக்கும் பெயர் இருந்தது.

பேரனின் புத்தகத்தில் ஒரு நடுகல்லின் படம் இருந்தது. தொய்டோபேர்க் காட்டில் இறந்த மார்க்கூஸ் கேலியூஸ் என்ற ரோமானிய நூற்றுவர் தலைவனுக்கு அவனுடைய சகோதரன் எழுப்பிய கல். இன்று ஜேர்மனியின் பொன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடல் கிடைக்காத ஒருவனுக்கான வெறுங்கல்லறை அது. எலும்பு எப்போதாவது கிடைத்தால் இங்கே இடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. பதக்கங்கள் அணிந்து நடுவில் நிற்கும் கேலியூஸின் இரு புறமும் இரண்டு முகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை அவன் விடுதலை செய்த அடிமைகளின் முகங்கள். அவர்களுடைய பெயர்களும் அந்தக் கல்லில் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய, அடிமை முறையில் ஊறிய ஒரு சமூகத்தில், ஒரு சகோதரனுக்கு அந்த இருவரின் பெயரையும் எழுதத் தோன்றியிருக்கிறது.

ஊருக்குள் பெரிய பெரிய கல்லறைகளைக் கட்டுவதையும் இடிப்பதையும் என் ஆயுளில் போதிய அளவு பார்த்துவிட்டேன். நான் கேட்பது நினைவுத்தூபி அல்ல. திருநெல்வேலியிலும் கந்தர்மடத்திலும் 1983 ஜூலை 24இல் இறந்தவர்கள், 1987 ஒக்டோபரில் பிரம்படியில் இறந்தவர்கள் ஆகியோரின் பெயர், வயது, தொழில், வீடு ஆகியவற்றைத் தாங்கிய ஒரு முழுமையான பட்டியலை ஊரவர்களே சேர்ந்து தயாரிக்க வேண்டும். பாதி வேலையைச் சிலர் ஏற்கனவே செய்திருக்கிறார்கள். மீதியை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் வாழும் கொக்குவில், திருநெல்வேலி மக்கள் தத்தம் வீட்டு முதியவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டு எழுதினால் போதும்.

அன்று மாலை பேரன் என்னோடு பிரம்படி வரை நடந்து வந்தான். புகையிரதம் ஒன்று கூவிக்கொண்டு கொக்குவிலைக் கடந்தது. ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையில் வயதான அம்மா ஒருவர் நின்றார். எங்களைப் பார்த்து யாருடைய பிள்ளை என்று விசாரித்தார். சொன்னேன். பின்பு அவன் தன் அரைகுறைத் தமிழில், "அம்மம்மா, அந்த நேரம் நீங்கள் இங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்டான்.

அவர் சற்று நேரம் அவனைப் பார்த்தார். பிறகு படலையைத் திறந்து, "உள்ள வந்து இரு ராசா, சொல்லுறன்" என்றார்.

அவன் புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனான்.